நார்மல் மேடம்

மலர்வளையத்தின் ரிப்பனில் எழுத்து அதிகமாகிவிட்டது. 'மருத்துவ ஆய்வக அறிவியல் துறை முன்னாள் மாணவர் தன்னார்வலர் குழு' என்று ஒரு எழுத்து விடாமல் எழுதியே தீர வேண்டும் என்று செயலாளர் பூக்கடையில் அடம்பிடித்திருந்தார். ரிப்பன் வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து, 'ஆழ்ந்த' என்ற சொல்லோடு இடமில்லாமல் நின்றுவிட்டது. மீதியைப் படிப்பவர்கள் அவரவர் வசதிப்படி நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். குழுவின் பெயர் கதவுப் பக்கம் தெரிய வேண்டுமா, உறவினர் பக்கம் தெரிய வேண்டுமா என்று செயலாளரும், குழுவில் எல்லோரும் ஊசி அக்கா என்று கூப்பிடுகிறவளும் வளையத்தைப் பெட்டியின் மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் பக்கத்தில் நின்றார். பெட்டிக்குள் இருந்தது அவருடைய மனைவி.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேர் கிளட்சிலிருந்து காலை எடுக்கக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். மீதிப் பாதி இன்னும் எடுக்கவில்லை. அவர் மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுவாரமே, தான் படித்த பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்துக்கு வாரம் ஒரு நாள், புதன்கிழமை, சம்பளமில்லாமல் போக ஆரம்பித்தவள். சம்பளத்தோடு போனபோதுகூட இவ்வளவு நேரத்துக்குக் கிளம்பியதில்லை.

"ரெண்டு நிமிஷம் மௌனம்" என்று செயலாளர் அறிவித்தார். அவர் போனில் நேரத்தைக் குறித்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தகனக் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவர் இருமலை அடக்கினார். ரெண்டு நிமிடம் முடிந்ததும் செயலாளரின் சட்டைப் பையிலிருந்து ஒரு சேவல் கூவியது. ஒருமுறை இல்லை, அடக்கத் தெரியாமல் அவர் தடவிக்கொண்டிருந்த நேரம் முழுக்கக் கூவியது.

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்போடு சட்டென்று இடது பக்கம் திரும்பினார். கல்யாணமான நாளிலிருந்து அவள் நிற்கிற பக்கம் அதுதான். இந்த மாதிரி நேரத்தில் அவள் கண் முதலிலேயே இவரைப் பிடித்திருக்கும், வாயை முந்தானையால் மூடியிருப்பாள். அங்கே அவருடைய மைத்துனர் நின்றுகொண்டிருந்தார். மைத்துனர், "தைரியமா இருங்க மாப்ள" என்றார்.

பெட்டி உள்ளே போனது. கதவு மூடியது.

அதன் பிறகுதான் மாஸ்டர் கவனித்தார். தன்னார்வலர்கள் எல்லோரும் மாறி மாறி மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் ஊசி அக்காவைப் பார்த்தார், ஊசி அக்கா வேன் நின்ற பக்கம் பார்த்தாள். அவருக்குச் சுருக்கென்றது.

"ஏன் சார், எங்கயாவது அவசரமாப் போகணுமா?"

செயலாளர் நெளிந்தார். "அதில்ல மாஸ்டர். இன்னைக்கு மத்தியானம் கடைசி வருஷப் பிள்ளைங்களுக்கு பிராக்டிகல். நாங்கதான் நடத்தணும். இருக்கிற வாத்தியார்களை நம்பினா மைக்ரோஸ்கோப்பைத் துடைக்கக்கூட ஆள் பத்தாது."

"தள்ளிப் போடக்கூடாதா?"

"நான் நேராப் போயே கேட்டேன் சார். படுத்திருந்தாங்க. 'பரீட்சையை யாருக்காகவும் தள்ளிப் போடாதீங்க'ன்னாங்க. நான் ஒண்ணும் பேசல. 'நான் செத்தாலுமா'ன்னு அவங்களே கேட்டு, 'செத்தாலும்தான்'னு அவங்களே பதிலும் சொல்லிட்டாங்க. நடுவுல எனக்கு வேலையே இல்ல."

அது அவள் பேச்சுதான். சந்தேகமே இல்லை. மாஸ்டர் அடங்கிப்போனார்.

கடைசி வரிசை நாற்காலியில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு மாணவி தனியாக உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். குடும்பத்தில் யாரும் அப்படி அழவில்லை. ஒன்றரை வருடமாக வீட்டில் எல்லோரும் தவணை முறையில் அழுது முடித்திருந்தார்கள். மாஸ்டரின் மகள் அருகில் வந்து, "யாருப்பா அது?" என்று கேட்டாள்.

"தெரியலயே. அம்மா காலேஜ் பொண்ணு போல."

கூடத்து ஊழியர் ஒருவர் வந்து, "சாயங்காலம் போன் பண்ணுவோம். அப்ப வந்து வாங்கிக்குங்க" என்றார். சலவைக்குப் போட்ட துணியைச் சொல்வதுபோல இருந்தது.

"வீட்டுக்குப் போலாம்பா" என்றாள் மகள்.

வீட்டில் இப்போது சித்திகள் கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டிருப்பார்கள். மாத்திரை டப்பாக்களை ஒரே பையில் கொட்டியிருப்பார்கள். யாராவது ஒருவர் 'இனி ஆகவேண்டியதைப் பாருங்க' என்பார். ஆகவேண்டியது என்று என்ன இருக்கிறது என்று யோசித்தால் சாயங்காலம் வரும் அந்த ஒரு போன்தான் இருந்தது.

"நான் இவங்களோட வேன்ல காலேஜ் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"காலேஜுக்கா? அம்மா எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாங்க, அப்பல்லாம்..." மகள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவருடைய சட்டைக் காலரைச் சரி செய்தாள். "போயிட்டு வாங்கப்பா."

செயலாளர் வேன் ஓட்டினார். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் சிக்னலுக்குள்ளேயே அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை நாலு தடவை மிதித்துவிட்டது. அது அவர் கையில், அதாவது காலில் இல்லை, தொழில் வியாதி. மனைவி உயிரோடிருந்தால் காலில் ஒரு தட்டுத் தட்டி, "வண்டி அவங்களோடது" என்பாள்.

"செகண்டுக்கு மாத்துங்க சார், இழுக்குது" என்றார் மாஸ்டர்.

"மாத்திட்டேனே மாஸ்டர்."

"அது ஃபோர்த்."

பின்னால் ஊசி அக்கா, அழுதுகொண்டிருந்த மாணவியின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசி அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள். தூங்குகிற குழந்தைக்கு ஊசி போட்டு ரத்தம் எடுத்துவிட்டு, அது விழிப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள் என்று அவளைப் பற்றி ஒரு கதை உண்டு. கதையைப் பரப்பியது அவளேதான்.

இந்தத் தன்னார்வலர்களைப் பற்றி மாஸ்டருக்கு வருடக்கணக்காகக் கேள்வி ஞானம். மற்ற துறைகளின் முன்னாள் மாணவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வந்து, தங்கள் காலத்தில் எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று பேசிவிட்டு, குழுப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இந்தத் துறையில் அந்த வசதி கிடையாது. இங்கே கை கொடுப்பது என்றால் நிஜமாகவே கையைக் கொடுப்பது. புதன்கிழமைகளில் பழைய மாணவர்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து சட்டையை மடித்து நீட்டுவார்கள். முதல் வருடப் பிள்ளைகள் நடுங்கிக்கொண்டே வந்து நரம்பு தேடுவார்கள். அவள் புதன் இரவு வீட்டுக்கு வரும்போது முழங்கை மடிப்பில் ஊதா பூத்திருக்கும். "இன்னைக்கு ஒருத்தன் நாலாவது குத்துலதான் கண்டுபிடிச்சான். ஆனா 'ஸாரி மேடம்' மட்டும் எட்டு தடவை" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவர் அவளைக் கொண்டு வந்து விடுவதும் கூட்டிப் போவதும் வாசல் கேட்டோடு சரி. முதல் புதன்கிழமை உள்ளே வந்தவர்தான். ஆய்வகக் கதவைத் திறந்தார், யாரோ ஒருவரின் கையிலிருந்து ஒரு குழாய்க்குள் சிவப்பாக ஏறுவதைப் பார்த்தார், அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து ஒரு பூந்தொட்டியோடு கீழே போனார். அவரைத் தூக்க மூன்று தலைமுறை மாணவர்கள் ஓடிவந்தார்கள். அதற்குப் பிறகும் அவள் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தாள். "ஊசி இருக்கிற ரூமுக்கு வேணாங்க. உள்ள மைக்ரோஸ்கோப் ரூம் இருக்கு. அதுல பார்த்தா ரத்தம் ரத்தம் மாதிரியே இருக்காது. அவ்ளோ அழகா இருக்கும்."

"அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார் அவர். டிரைவிங் ஸ்கூலில், ரிவர்ஸ் எடுக்கப் பயப்படுகிறவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

ஆய்வகத்துக்கு வெளியே நீளமான தாழ்வாரம். சுவரோரம் ஒரு பெஞ்சு. மாஸ்டர் அதில் உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே தெரிந்தது. இரண்டு வரிசை மைக்ரோஸ்கோப்புகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தலை கவிழ்ந்திருந்தது. செயலாளர் இப்போது வேறு ஆளாகியிருந்தார். சேவலை எங்கேயோ தொலைத்துவிட்டு, பூனைபோல வரிசைகளுக்கிடையே நடந்தார். மணி அடித்ததும் பிள்ளைகள் எழுந்து அடுத்த இருக்கைக்கு நகர்ந்து, மறுபடி கவிழ்ந்தார்கள். அழுத முகத்தோடு அந்த மாணவியும் இருந்தாள்.

எல்லோருக்கும் முன்னால் கதவைத் திறந்துகொண்டு வந்தவளும் அவள்தான். பெஞ்சில் மாஸ்டரைக் கண்டதும் திரும்பி உள்ளேயே போய்விடலாமா என்பதுபோல் நின்றாள்.

"என்னம்மா, அதுக்குள்ள முடிச்சிட்டியா? பதில் தெரியலயா?"

"வரிசைல நான்தான் முதல்ல ஆரம்பிச்சேன் சார். முடிச்சிட்டேன்."

"உட்காரு."

பெஞ்சின் அந்த நுனியில் உட்கார்ந்தாள். சிறிது நேரம் தன் கோட்டுப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு பட்டனிடம் சொல்வதுபோல, "சார், மேடத்துக்கு எப்படித் தெரிய வந்துதுன்னு உங்ககிட்ட சொன்னாங்களா?" என்றாள்.

"நோயா? ஏதோ செக்கப்ல தெரிஞ்சுதுன்னா."

"செக்கப் இல்ல சார். என்னாலதான்."

மாஸ்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் சொன்னது இதுதான். நோய் எப்படி இருக்கும் என்று படிக்கும் முன், நோயில்லாத ரத்தம் எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் படிக்க வேண்டும். அதற்கு நல்ல ரத்தம் வேண்டும், அதுவும் புதிதாக. வாரா வாரம் கையை நீட்டி அதைக் கொடுத்தது மாஸ்டரின் மனைவிதான். அவள் கொடுத்ததைக் கண்ணாடிச் சில்லில் மெல்லிசாகத் தேய்த்து, சாயம் ஏற்றி, 'நார்மல்' என்று தட்டில் வைப்பார்கள். வருடா வருடம் எல்லாப் பிள்ளைகளும் நார்மல் என்றால் என்ன என்று படித்தது அவளைப் பார்த்துத்தான். அதனால் பெயரே நார்மல் மேடம்.

"எல்லாருக்கும் ஒரு ஸ்லைடு குடுத்து என்னன்னு எழுதச் சொன்னாங்க சார். அப்ப நான் ரெண்டாவது வருஷம். நான் பார்த்தேன். வெள்ளணுக்கள்ல கொஞ்சம் இருக்கக்கூடாத மாதிரி இருந்துது. பெருசா, பக்குவம் வராம. நான் 'நார்மல் இல்ல'ன்னு எழுதினேன். செயலாளர் சார் அடிச்சு முட்டை போட்டுட்டார்."

"ஏன்?"

"அது நார்மல் மேடம் ரத்தம்." அவளுக்கு அழுகைக்கு நடுவே லேசாகச் சிரிப்பு வந்தது. "'இவங்க ரத்தத்தைப் பார்த்துத்தாம்மா நானே சொல்லிக்குடுக்கிறேன். இதுல போய்க் குறை கண்டுபிடிக்கிறியா? உன் கண்ணைப் போய்க் காட்டு'ன்னார். ஊசி அக்காவும் பார்த்துட்டு 'சாயம் சரியாப் பிடிக்கல'ன்னாங்க. யாருமே சரியா பார்க்கல சார். நார்மல்னு தெரிஞ்சதை எதுக்குப் பார்க்கணும்? அப்புறம் மேடம் வந்தாங்க. 'எங்க, காட்டு'ன்னு உட்கார்ந்தாங்க. ரொம்ப நேரம் எழுந்திரிக்கவே இல்ல."

உள்ளே மணி அடித்தது. தலைகள் எழுந்து, நகர்ந்து, கவிழ்ந்தன.

"எழுந்து என் மார்க்கைத் திருத்தினாங்க. முழு மார்க் போட்டாங்க. 'எல்லாருக்கும் டீ சொல்லுங்கப்பா'ன்னாங்க. அவ்ளோதான் சார். நான் மட்டும் அன்னைக்கு நார்மல்னு எழுதியிருந்தா..."

"எழுதியிருந்தா?"

அவள் மறுபடி பட்டனைப் பிடித்துக்கொண்டாள்.

மாஸ்டருக்கு அந்தப் புதன்கிழமை ஞாபகம் இருந்தது. கேட்டில் வந்து ஏறியவள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கொஞ்சதூரம் சும்மா வந்தாள். பிறகு, "இன்னைக்கு ஒரு பொண்ணு என்னமாப் பார்த்தா தெரியுமா!" என்றாள். பெருமையில் பொங்கிக்கொண்டு சொன்னாள். வீட்டுக்கு வந்து துணி மாற்றும்போதுகூட இன்னொரு தடவை சொன்னாள். அவருடைய மகள் முதல் வகுப்பில் தேறியபோதுகூட அவள் அப்படிச் சொன்னதில்லை. யாரோ ஒரு பெண் ஏதோ பரீட்சையை நன்றாக எழுதியிருக்கிறாள் என்று அவரும் தலையாட்டி வைத்தார்.

"ஏம்மா, நான் வண்டி ஓட்டிட்டிருக்கேன். பக்கத்துல இருக்கிறவன், 'லாரி வருது'ங்கிறான். லாரியை அவனா அனுப்பினான்?"

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அன்னைக்கு கார்ல வரும்போது சொன்னா, 'ஒரு பொண்ணு என்னமாப் பார்த்தா'ன்னு. ரெண்டு தடவை சொன்னா. உன்னைத்தான் சொல்லியிருக்கா. எனக்கு இப்பதான் தெரியுது."

"நிஜமாவா சார்?"

"பொய் சொல்ற நாளா இது?"

அவள் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோட்டின் வெள்ளையில் மை ஒட்டியது. இருவரும் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டருக்கு, கேட்டதெல்லாம் மெதுவாக உள்ளே இறங்கிய பிறகு, ஒரே ஒரு இடத்தில் போய் நின்றது. வருடா வருடம் பிள்ளைகள் அவளைப் பார்த்துப் படித்திருக்கிறார்கள். நல்லபடியாக இருந்த அவளை. நோய் வந்த பிறகு முடி போய், கன்னம் ஒட்டி, குரல் மெலிந்து, கடைசியில் அவருக்கு அவளுடைய பழைய முகமே போட்டோவைப் பார்த்தால்தான் வந்தது. போட்டோவிலும் அவள் எப்போதும் கண்ணை மூடியிருப்பாள். இங்கே அவள் இருக்கிறாள். ஒரு கண்ணாடிச் சில்லில், நோய்க்கு இந்தப் பக்கம் இருக்கிறாள்.

செயலாளர் வெளியே வந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

"சார், அவளோட ஸ்லைடு ஒண்ணு நான் பார்க்கணும்" என்றார் மாஸ்டர்.

செயலாளர் பாட்டிலை அவசரமாக மூடினார். முகத்தில் மேடைக் களை வந்துவிட்டது. "தாராளமா மாஸ்டர்! இன்னைக்குப் பரீட்சைலயே இருக்கே. மேடம் தன் கையாலயே பண்ணினது. நோய் தெரிஞ்ச வாரம் தானே ரத்தம் எடுத்துக் குடுத்து, 'இவ்ளோ நல்ல ஸ்லைடு இனி கிடைக்காது, நிறைய போட்டு வெச்சுக்குங்க'ன்னாங்க. எங்க துறையோட பொக்கிஷம் சார் அது. அடுத்த கூட்டத்துல அதை ஒரு கண்ணாடிப் பேழையில..."

"அது வேணாம் சார்."

"வேணாமா?"

"அதை ஒன்றரை வருஷமாப் பார்த்துட்டுத்தான் இருந்தேன். அதுக்கு முன்னாடி எடுத்தது. நல்லா இருந்தப்ப எடுத்தது. ஒண்ணே ஒண்ணு போதும். எடுத்துட்டுப் போகமாட்டேன், பார்த்துட்டுக் குடுத்துடறேன்."

செயலாளர் பேழையைப் பாதியிலேயே விட்டுவிட்டார். அது அடிக்கடி நடப்பதல்ல. கதவைத் தட்டி ஊசி அக்காவை வெளியே அழைத்தார். இருவரும் ஏதோ முணுமுணுத்தார்கள். ஊசி அக்காதான் வந்து மாஸ்டரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், ஊசி போடுமுன் குழந்தைகளிடம் உட்காருவதுபோல.

"சார், அது இல்ல."

"இல்லன்னா?"

"நோய் தெரிஞ்ச மறுவாரம் மேடமே வந்து அத்தனையும் எடுத்துப் போட்டுட்டாங்க. பழைய நார்மல் எல்லாத்தையும். நாங்க கெஞ்சினோம். 'எப்ப ஆரம்பிச்சுதுன்னு யாருக்குத் தெரியும்? ஒண்ணுல ஒரே ஒரு செல் தப்பா இருந்தாக்கூட, பிள்ளைங்க தப்பை நார்மல்னு படிச்சிடும்'னாங்க. ஒவ்வொரு பெட்டியாத் திறந்து..."

"ஒண்ணுகூட மிச்சம் வெக்கலயா?"

"இருங்க, பார்த்துடலாம்" என்று அந்த மாணவி எழுந்தாள். பக்கத்து அறையில் அலமாரி இருந்தது. அவளும் ஊசி அக்காவும் மரப் பெட்டிகளை இறக்கி ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். மாஸ்டர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நோய் நோயாகப் பெட்டிகள் நிறைந்திருந்தன. மலேரியாவுக்கு மட்டும் மூன்று பெட்டிகள். 'நார்மல்' என்று மேலே எழுதிய பழைய பெட்டி மேல்தட்டின் மூலையில் இருந்தது. திறந்தார்கள். ஒவ்வொரு பள்ளமும் காலி, தூசிகூட இல்லை. துடைத்து வைத்திருக்கிறாள்.

"அவ துடைச்சா அப்படித்தான்" என்றார் மாஸ்டர். "வீட்லயும் ஒரு கறை விடமாட்டா."

அந்த அறையில் நின்ற யாருக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாணவி பெட்டியைத் திரும்ப மூடி, மூடியதை ஒருமுறை தடவினாள். விருந்தாளி பேச்சுக்குக் கேட்பதுபோல மாஸ்டர் கேட்டார்.

"அப்ப இப்பல்லாம் நார்மலுக்கு என்ன பண்றீங்க?"

செயலாளர் ஊசி அக்காவைப் பார்த்தார். ஊசி அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாதா சார்?" என்றாள் கடைசியில்.

"என்னது?"

"மேடம் கொண்டுவருவாங்க. குழாய்ல. கேட்டு வாங்கினதுதான்னு சொன்னாங்களே. உங்களோடது சார்."

மாஸ்டர் தன் இடது முழங்கையைப் பார்த்துக்கொண்டார். நோய் தெரிந்ததிலிருந்து மாதா மாதம் ஒரு புதன்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில், 'சுகர் பார்க்கணும், கையைக் குடுங்க' என்பாள். சுகர் ஒருநாளும் இருந்ததில்லை; ஒன்றுமில்லாததை எதற்கு இத்தனை தடவை பார்க்கிறாள் என்று அவருக்கு எரிச்சலாக வரும். அவர் தலையைத் திருப்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். முதல் தடவை, ஊசி உள்ளே இருக்கும்போதுதான் கேட்டாள்: "காலேஜுக்கும் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?" அவர், "என்னத்தையாவது எடுத்துக்க, சீக்கிரம் முடி" என்றார். அந்தச் சம்மதம் இத்தனை தூரம் வந்திருக்கிறது.

"அப்ப..." மாணவியின் கண் விரிந்தது. "சார், இப்ப பரீட்சைல கடைசி ஸ்லைடு நீங்களா? அதை நார்மல்னு எழுதிட்டு வந்தேன்."

மாஸ்டர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "நல்லாப் பார்த்தியா?"

"ரெண்டு தடவை பார்த்தேன் சார்."

"ஒண்ணும் இல்லயே?"

"ஒண்ணும் இல்ல சார்."

இவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவர் மூச்சை விட்டார்.

"வந்ததும் பையைக்கூடக் கீழ வெக்கமாட்டாங்க" என்றாள் ஊசி அக்கா, இன்னும் ஜன்னலைப் பார்த்தபடியே. "முதல்ல அதைத் தேய்ச்சு, சாயம் போட்டு, இந்த மூலையில உட்கார்ந்து பார்ப்பாங்க. ஒரு ஓரம் விடமாட்டாங்க. பிள்ளைங்களுக்கு நாங்க ஒரு நிமிஷத்துல பார்க்கச் சொல்லிக்குடுக்கிறது. இவங்க முழுசாப் பார்த்து முடிச்சுட்டு, 'நல்லாத்தான் இருக்கார்'னு சொல்லுவாங்க. அப்புறம்தான் மத்த வேலை. கடைசியா வந்தப்ப நாங்க ரெண்டு பேர் பிடிச்சு உட்காரவெச்சோம். அப்பவும் அதைத்தான் முதல்ல கேட்டாங்க."

அந்த நேரமெல்லாம் அவர் கேட்டுக்கு வெளியே காருக்குள் உட்கார்ந்து, முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பார்.

மாஸ்டர் வாசல் நிலையை விட்டு உள்ளே வந்தார். மூலையில் ஒரு மைக்ரோஸ்கோப் உறை போட்டு இருந்தது. மற்றவை எல்லாம் பரீட்சைக்குப் போய்விட்டிருக்க, இது மட்டும் இங்கேயே விடப்பட்டிருந்தது. மாணவி உறையை எடுத்தாள். தட்டிலிருந்து அவருடைய ரத்தம் தேய்த்த ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து வைத்து, அதன் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விளக்கைப் போட்டு, சக்கரத்தை மெல்லத் திருகினாள். நகர்ந்து இடம் விட்டாள்.

அவர் உட்கார்ந்து குனிந்தார். கறுப்பாக ஒரு காடு ஆடியது.

"ஒண்ணும் தெரியல. ஏதோ முள்ளு முள்ளா இருக்கு."

"அது உங்க இமை சார். கொஞ்சம் தள்ளி."

தள்ளினார். காடு விலகியது. இப்போது இரண்டு வட்டங்கள் தெரிந்தன, பக்கத்தில் பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்று சேராமல். அவர் தலையை அசைத்துப் பார்த்தார். சேரவில்லை.

"ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"இது மேடம் கண்ணுக்கு வெச்சது சார். அவங்களுக்கு ரெண்டு கண்ணுக்கும் நடுவுல தூரம் கம்மி. அதுக்கப்புறம் யாரும் இதைத் தொடல. இருங்க, கொஞ்சம் அகலமா இழுத்துவிட்டா..."

அவள் கை அந்த இரட்டைக் குழல்களை நோக்கி வந்தது. மாஸ்டரின் உள்ளங்கை அதற்கு முன்னால் அவற்றின் மேல் போய் மூடிக்கொண்டது.

"வேணாம்மா."

"சரியாத் தெரியாது சார்."

"பரவாயில்ல. இருக்கட்டும்."

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மகளாக இருக்கும், அஸ்தியை வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டிருப்பார்கள். அது அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. உள்ளே பரீட்சை முடிந்து நாற்காலிகள் நகர்ந்தன.

அவர் இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணைக் குழலில் வைத்தார். வெளிர் சிவப்பில் வட்டம் வட்டமாக, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும், நிறைய இருந்தன. இடது பக்கத்துக் குழலின் வாயில் யாரும் பார்க்காத வெளிச்சம் ஒன்று சின்னதாக நின்றுகொண்டிருந்தது.